பேப்பர் சுற்றிய பாக்கெட்

2023 ஜூலை 12, புதன்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். மேகமூட்டம், மழையில்லை, காற்றுமில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மகனும் மருமகளும் கூரம் கிராமத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பேத்தி கழிவறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, "தாத்தா, நாப்கின் தீந்துபோச்சு. ஒம்போதரைக்குப் பரீட்சை" என்றாள். எழுபத்திரண்டு வயதுவரை நான் அதை வாங்கியதில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் தறியில் அம்மனுக்குச் சாத்தும் புடவைக்கு நெடுக்கு நூலான பாவு ஏறவேண்டும். கூலி ஒன்பதாயிரத்து ஐந்நூறு. தூரமான பெண் அந்தத் தறியருகே வரக்கூடாது. யார் கண்ணிலாவது பட்டால் என்ன ஆகுமோ என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே மூன்று மூன்றாக டேப் போட்டு அடுக்கியிருந்தார்கள். ஒன்று நாற்பத்தெட்டு, இரண்டின் விலைக்கு மூன்று. அப்படியென்றால் ஒன்று முப்பத்திரண்டுதான். ஒரு கட்டை எடுத்துக்கொண்டு பில் போடும் பெண்ணிடம் போனேன்.

"கறுப்பு கவர் குடும்மா."

"இது நுழையாது தாத்தா. ஒண்ணுன்னா பேப்பர் சுத்தித் தரேன். டேப்பைப் பிரிச்சா ஆஃபர் கிடையாது."

எனக்குப் பின்னால் நாலு பேர். கட்டை வைத்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டேன். அவள் சுற்றும்போது பின்னாலிருந்து ஒரு குரல். எங்களுக்குப் பாவு தருகிற முதலாளி.

"இன்னா சார், பருப்புக்கு யாரும் பேப்பர் சுத்தறதில்லையே. வீட்ல யாருக்கு?"

பதினாலு வயதுப் பெண்ணின் சங்கதியை அந்த வாயில் போட மனம் வரவில்லை. "மருமகளுக்கு" என்றேன். சொன்னபிறகுதான் உறைத்தது. புடவைக் கரையை உடலோடு கோக்க மகனோடு தறியில் உட்காருகிறவள் அவள்தான்.

"அந்தம்மாவா? அப்ப வெள்ளிக்கெழம ஆவாதே. அடுத்த வாரம் ஆடி பொறந்துடுது, புதுசா பாவு ஏத்த மாட்டோம். வேற தறிக்குக் குடுத்துடறேன். தப்பா எடுத்துக்காதீங்க சார்."

பேத்திக்கு என்று திருத்தியிருந்தால், தறிப்பக்கம் விடாதீர்கள் என்பதோடு விட்டிருப்பார். நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பேத்தி பரீட்சை எழுதிவிட்டாள். மாலையில், "இதுல ஆறுதான் இருக்குது தாத்தா, பத்தாது" என்றாள். மறுநாள் இன்னொன்று வாங்கினேன், அதையும் பேப்பர் சுற்றியே.

பாவு ஏன் வரவில்லை என்று மகனுக்கு இன்னும் தெரியாது. முதலாளியை எங்கேயாவது பார்த்துக் கேட்டுவிடுவானோ என்று, அவன் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்து முகத்தைப் பார்க்கிறேன்.

மூன்று பாக்கெட் விலையான தொண்ணூற்றாறைக் கொடுத்து இரண்டு வாங்கியிருக்கிறேன். போன கூலியையும் சேர்த்தால் ஒன்பதாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு ரூபாய்.