கண்டமங்கலத்துக்கு ஒரு விலை, பாண்டிக்கு ஒரு விலை

ஆம், பொய் சொல்லித்தான் அந்தப் பாலிசியை விற்றேன். அதனால் ஒரு மனிதரின் கால் போயிற்று!

திண்டிவனத்தில் நான் மருத்துவக் காப்பீட்டு ஏஜென்ட். அஞ்சலை கண்டமங்கலத்துக்காரர், தினமும் பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர். கணவருக்குச் சர்க்கரை வியாதி.

"பாண்டி ஆஸ்பத்திரிக்கும் செல்லுமாங்க சார்?" என்று கேட்டார்.

"தாராளமா செல்லும்மா" என்றேன்.

உங்களுக்குத் தெரியுமா... கம்பெனிகள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பாண்டி, விலை கூடிய மண்டலம். கண்டமங்கலம், மலிவு மண்டலம். மலிவில் வாங்கியவர் பாண்டியில் போய்ப் படுத்தால், பில்லில் ஐந்தில் ஒரு பங்கு அவர் தலையில்! கண்டமங்கலத்தில் காய்ச்சலுக்கு மேல் எது வந்தாலும் பாண்டிக்குத்தானே ஓடவேண்டும்? எந்த மகராசன் போட்ட கோடு ஐயா இது!

கொஞ்சம் கூடக் கட்டினால் அந்த வெட்டு இல்லாத பாலிசியும் என் பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. ஏன்? விலையைக் கேட்டதும் அஞ்சலை விழுப்புரத்து ஏஜென்டிடம் போய்விடுவார்; அவன் மலிவைத்தான் நீட்டுவான். இங்கே போட்டி என்றால் அவ்வளவுதான்... எவன் குறைத்துச் சொல்கிறான் என்பது மட்டும். எதைக் குறைத்தான் என்று எவனும் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை.

போன மழையில் கணவருக்குக் கால்விரல் புண் புரையோடியது. அரசு ஆஸ்பத்திரி வரிசை எதற்கு, நமக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று, என்னை நம்பி, பாண்டியில் தனியாரிடம் போனார் அஞ்சலை. ஐந்தில் ஒரு பங்கை முன்னதாகக் கேட்டார்கள். அதைப் புரட்ட ஆறு நாள் அலைந்தார். விரலோடு போகவேண்டியது முழங்கால்வரை போயிற்று.

என்னைத் திட்டியிருக்கலாமே! கம்பெனியைத்தான் மண்ணை வாரித் தூற்றினார்.

நேற்று புதுப்பிக்க வந்தார். கையில் ஒரு பை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை; கூடவே தங்கை.

"இவளுக்கும் ஒண்ணு போடுங்க சார். கம்பெனிக்காரன் கழுத்தறுத்துட்டான். நீங்கதான் அலைஞ்சிக்கினு கெடந்து மீதியாவது வாங்கிக் குடுத்தீங்க."

தங்கை கேட்டாள்: "பாண்டிக்கும் செல்லுமாங்க?"

மலிவுப் படிவம், வெட்டு இல்லாத படிவம், இரண்டும் மேசைமேல்தான் இருந்தன. உண்மையைச் சொன்னால்... அந்தக் கால் யாரால் போயிற்று என்று அஞ்சலைக்கு அந்த நொடியே விளங்கிவிடும். சொல்லித் தொலையடா என்று எனக்கு நானே கத்திக்கொண்டேன், உள்ளுக்குள்!

"செல்லும்மா" என்று மலிவுப் படிவத்தை நீட்டினேன்.

அஞ்சலை தங்கையைப் பார்த்து, "நான்தான் சொன்னேன் இல்ல?" என்றார்.