ஓட்டைக்கல்லுக்குப் போகாத வழி

தேவராஜ் மாமா பொய் சொல்கிறார். இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓட்டைக்கல்லுக்குக் கிளம்பிய இரண்டு குடும்பங்களைத் தப்பான வழியில் திருப்பிவிட்டது நான் இல்லை, அவர்தான்.

அந்தக் கோடையில் பாறையின் சூடு செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஏறியது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் எங்கள் நைனாவும் மாமாவும் ஒரே இரும்பு ஆலையில் வேலை பார்த்தார்கள். நைனா கிரேன் ஓட்டினார், மாமா ‘சேஃப்டி’ பிரிவு. மராமத்துக்காக உலையை நிறுத்திய வாரத்தில், ஆந்திர எல்லை மலையில் ஓட்டைக்கல் என்று ஒரு பாறை தானாகவே குடைபட்டு வாசல் மாதிரி வளைந்து நிற்கிறது, அதன் அடியில் நின்று போட்டோ எடுக்கலாம் என்று மாமா கிளப்பிவிட்டார். எனக்குப் பதினோரு வயது. வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டேன்.

மாமா முந்தின வாரமே தனியாகப் போய், ஓடைகள் பிரியும் இடத்திலெல்லாம் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுவிட்டு வந்திருந்தார். தண்ணீர் இல்லாத ஓடை, இரண்டு பக்கமும் மூன்று ஆள் உயரத்துக்குச் சிவப்புப் பாறை, நடுநடுவே கள்ளி, அவ்வளவுதான். எல்லாருக்கும் மஞ்சள் ஹெல்மெட் வேறு. அம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டுத்தான் அதை மாட்ட முடிந்தது.

காலையில் அவர் முன்னால் போக, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். மூன்று ஓடைகள் கூடும் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டு, ஆளுக்கொரு பக்கம் தலைவைத்துத் தூங்கி எழுந்தபோது, எந்த ஓடை வழியாக வந்தோம் என்பதே யாருக்கும் தெரியவில்லை. மாமாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. என்னை முன்னால் அனுப்பினார்.

“அம்பு எங்க காட்டுதோ அங்க போய்க்கினே இரு. நீயா எதுவும் யோசிக்காத.”

நான் யோசிக்கவில்லை. ஓர் அம்பு, அடுத்த அம்பு, அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தேன். அம்மா மட்டும், இந்தக் கள்ளியைக் காலையிலேயே பார்த்த மாதிரி இருக்கிறதே என்றாள்.

“கள்ளின்னா கள்ளி மாரிதாம்மா இருக்கும்,” என்றார் மாமா, பின்னாலிருந்து.

கடைசியில் லாரி சத்தம் கேட்டது. மலைக்கு அந்தப் பக்கத்து ரோடு வந்துவிட்டது, ஓட்டைக்கல் பக்கத்தில்தான் என்று மாமா அறிவித்தார். வெளியே வந்தால், எதிரே காலையில் நாஷ்டா சாப்பிட்ட கடை. கடைக்காரர் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“இன்னா சார், கல்லு அங்கயே கீதா?”

மாமா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “பசங்கள முன்னால உட்டா இப்டித்தான்,” என்றார்.

அன்றோடு என் பெயர் ‘ராங்ரூட்டு’. குடும்பமாக வேன் எடுத்தால் என்னை டிரைவர் பக்கத்தில் உட்காரவிட மாட்டார்கள். என் கல்யாணத்தன்று, பெண்ணை யாராவது கைபிடித்துக் கூட்டிவாருங்கள், தானாக வந்தால் சமையற்கட்டுக்குப் போய்விடுவாள் என்று மாமா சொல்ல, மாப்பிள்ளை வீடே சிரித்தது.

போன வருடம் அதே எஸ்டேட்டில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் பார்த்தால் சுவரெல்லாம் அம்புக்குறி. எங்கே நின்றாலும் அது வெளிவாசலைத்தான் காட்டும், விபத்து என்றால் அதைப் பார்த்து ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆலையில் அந்த அம்பையே போட்டுப் பழகிய மாமாவின் கை மலையிலும் அதையேதான் போட்டிருக்கிறது. உள்ளே போகும் வழியை அது ஓர் இடத்திலும் காட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மலைக்குப் போய்ப் பார்த்தேன். சாக்பீஸ் முதல் மழைக்கே அழிந்திருக்கும். ஓட்டைக்கல்லும் இல்லை, குவாரிக்காரர்கள் அதை ஜல்லியாக்கி ஏற்றிவிட்டார்கள். நான் அதைப் பார்க்கவே இல்லை. இனிப் பார்க்கவும் முடியாது.

அடுத்த மாதம் மாமாவுக்கு ரிட்டையர்மென்ட் விழா. மேடையில் இந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறாராம். சொல்லட்டும். மாமா, மைக்கைக் கீழே வைப்பதற்கு முன்னால், வந்திருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஒரே ஒரு பதில் சொல்லுங்கள்: நீங்கள் போட்ட அம்புகள் எந்தப் பக்கம் காட்டின?