கெட் என்ற சொல்லும் என் இடுப்புச் சாவியும்

ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார்; எங்களுக்கு அவர் சேர். ஹோட்டல் என்பது வேறொன்றுமில்லை, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களாதான். சுவருக்கு வெள்ளையடித்து, புல்வெளியில் குடை நட்டு, ஒரு நாள் தங்கப் பெரிய தொகை வாங்கினால் பங்களா ஹோட்டலாகிவிடும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் எங்கள் ஆட்கள் அதுவரை பின்வாசல் வழியாக மட்டுமே போய்வந்த வீடு அது. நான் முன்வாசல் வழியாக நுழைந்த முதல் ஆள் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சேர் பலகையில் மூன்றே மூன்று எழுத்தை எழுதி, “கெட்” என்றார். இந்த ஒரு வினைச்சொல் கைவசம் இருந்தால் போதும், ஹோட்டலையே நடத்திவிடலாம் என்றார். உயர்தரம் வரை படித்தவன் என்ற திமிரில் நான் கையைத் தூக்கி, “பெறுதல்” என்றேன். அவர் சிரித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். தேநீர் கொண்டுவருவதும் கெட். ரயிலைப் பிடிப்பதும், காய்ச்சல் வருவதும், மழையில் நனைவதும், களைத்துப்போவதும், கலியாணம் கட்டுவதும் எல்லாம் கெட். வேனில் ஏறினால் கெட் இன். சமாளித்துக்கொண்டு காலம் தள்ளினால் கெட் பை. ஒருவருக்கு விஷயம் விளங்கிவிட்டால் அதற்கும் ‘ஐ கெட் இட்’. பலகை நிறைந்து, அழித்து, மறுபடியும் நிறைந்தது. ‘கெட் அவுட்’ எழுதும்போது மட்டும் யாரும் குறிப்பெடுக்கவில்லை. அது எங்கள் தோட்டத்தில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கும் தெரிந்த இங்கிலீஷ்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்து கொப்பியை விரித்துச் சத்தமாகப் படிப்பேன். அக்கா அடுப்பில் ரொட்டி சுட்டபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மா செத்த வருஷம் அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். பள்ளிக்கூடப் பையை எனக்குக் கொடுத்துவிட்டு அம்மாவின் கூடையை எடுத்துக்கொண்டு மலையேறியவள்தான், இன்னும் இறங்கவில்லை. நான் படித்த படிப்பு முழுக்க அவள் பறித்த கொழுந்து.

“என்னாடா இது, எதத் தொட்டாலும் கெட்டு கெட்டுங்குற? வெள்ளக்காரனுக்கு வார்த்தைக்குப் பஞ்சமா?” என்பாள்.

“ஒரே வார்த்தைக்கு நூறு அர்த்தம்க்கா.”

“சரி, உள்ள போறதுக்கு என்னா?”

“கெட் இன்.”

“கெட்டின்,” என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, வாயில் ஏதோ புது மிட்டாய் போட்டவள் போலச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

எனக்குக் கொடுத்த வேலை, விருந்தினரை நாலாம் நம்பர் மலைக்குக் கூட்டிப்போய்க் கொழுந்து பறிப்பதைக் காட்டுவது. அனுபவம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். வெளிநாட்டுக்காரர் தலையில் பட்டியை மாட்டி, முதுகில் கூடையைத் தொங்கவிட்டு, பத்து இலையைக் கிள்ளுவார்கள். படம் எடுத்துக்கொள்வார்கள். கூடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, “என்ன அழகு, என்ன அழகு” என்பார்கள். அந்த மலையில்தான் அக்காவும் அவளோடு கொழுந்து பறிக்கும் பெண்கள் செட்டும் வேலை செய்தார்கள்.

மலையின் மேட்டில், நீர்த்தேக்கம் தெரியும் இடத்தில், விருந்தினருக்காக ஒரு கக்கூஸ் கட்டினார்கள். ஓட்டுக் கூரை, மரக்கதவு, உள்ளே கண்ணாடி, சோப்பு, குழாயைத் திறந்தால் தண்ணீர். எங்கள் லயத்தில் எந்த வீட்டையும் விட அது நன்றாக இருந்தது. அதற்குப் பூட்டும் போட்டார்கள். சாவியை என்னிடம் கொடுத்து, இடுப்பு வாரில் கோத்துக்கொள்ளச் சொன்னார் மேனேஜர். “விருந்தினருக்கு மட்டும். பொம்பளைகளை விட்டால் ஒரே நாளில் நாறடித்துவிடுவார்கள்,” என்றார். அவர் சொன்ன அந்தப் பொம்பளைகளில் என் அக்காவும் ஒருத்தி என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவுமில்லை.

மலையில் வேலை செய்யும் பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தேயிலைச் செடி இடுப்பளவு. மேலே கங்காணி, கீழே ரோடு, காலடியில் அட்டை. அதனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் ஒரு வாய் தேத்தண்ணி, அதற்குப் பிறகு சாயந்தரம் வரை தொண்டையை நனைப்பதில்லை. இப்படியே இருபது வருஷம் பழகிய அக்காவுக்கு அந்த வருஷம் நீர்க்கடுப்பு வந்து, அடிக்கடி காய்ச்சலில் விழுந்தாள். நிறையத் தண்ணி குடிக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

“தண்ணி குடி குடிங்குறாரு டாக்டரு. குடிச்சிட்டு எங்க போறதுன்னு சொல்லலியே,” என்றாள் அக்கா. பிறகு மெதுவாக, “ஆளில்லாத நேரம் ஒரு வாட்டி தொறந்து விடேன்டா, தம்பி,” என்றாள்.

எனக்கு அப்போது மூன்று மாதத் தவணை. அது முடிந்தால்தான் நிரந்தரம். லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று ஒரு விருந்தினரிடம் சொன்னதற்காக என்னோடு சேர்ந்த ஒருவனை அதற்கு முந்தின வாரம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். “வேலை போயிரும்க்கா,” என்றேன். “ஆமாமா, வேணாம் வேணாம்,” என்று அவளே பதறினாள்.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். “நாம கேட்டாத்தான் மேனேஜரு கேக்க மாட்டாரு. வந்திருக்க வெள்ளக்காரங்க கேட்டா? அவங்க வாயால ஒரு வார்த்த வந்தா போதும். நான் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல மாத்தி மட்டும் சொல்லு. நான் சொன்னதாத்தானே ஆகும்? ஒன் மேல ஒண்ணும் வராது.” என் வேலைக்குச் சேதமில்லாமல் காரியத்தை முடிக்க அவள் போட்ட திட்டம் அது.

அடுத்த நாள் வந்தவள் வயதான ஒரு வெள்ளைக்காரி. நல்லவள். மற்றவர்களைப் போலப் படம் எடுத்துவிட்டு ஓடாமல் அக்காவின் பக்கத்தில் போய் நின்றாள். நாள் முழுக்க நிற்கிறாளே, களைப்பாக இல்லையா என்று கேட்கச் சொன்னாள். கேள்வியில் இரண்டு இடத்தில் ‘கெட்’ வந்ததை நான் கவனித்தேன். படித்த பாடம் அப்படி ஊறிப்போயிருந்தது.

அக்கா கூடைப் பட்டியைத் தளர்த்திவிட்டு நேராக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். “களைப்பெல்லாம் கெடக்கட்டும்மா. காலையில இருந்து ஒண்ணுக்குப் போகாம அடக்கிட்டு நிக்கிறோம். இத்தன பொம்பளைக்கும் ஒரு மறைவு இல்ல. அந்தா பூட்டிக் கெடக்கே, அதத் தொறந்துவிடச் சொல்லி ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

செட்டே பறிப்பதை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தது. விருந்தினரைக் கூட்டிவரும் பாதையில் மேனேஜர் வேறு இரண்டு பேரோடு பேசியபடி வந்துகொண்டிருந்தார்.

‘பழகிவிட்டதாகச் சொல்கிறார், மேடம். சந்தோஷமாக இருக்கிறார்களாம்’ என்பதை நான் இங்கிலீஷில் சொன்னேன். பழகுவதற்கும் சேர் ஒரு கெட் சொல்லிக்கொடுத்திருந்தார். பிழையில்லாமல் வந்தது.

வெள்ளைக்காரி தலையை ஆட்டிச் சிரித்து, “ஐ கெட் இட்,” என்றாள். கக்கூஸ் பக்கம் திரும்பவேயில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். கோபமில்லை. தம்பிக்கு இங்கிலீஷ் சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று பரிதாபப்பட்ட பார்வை அது. தானே உதவிக்கு வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு நாலெட்டில் அந்த மரக்கதவண்டை போனாள். கதவைக் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். மற்ற பெண்களையும் கையால் சுற்றிக் காட்டி, “கெட்டின்? கெட்டின், மேடம்?” என்றாள்.

வெள்ளைக்காரி என்னிடம் திரும்பி, என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். மேனேஜர் அதற்குள் என் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

கடவுளே எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்த மாதிரிதான். நான் இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னேன். “நீங்கள் உள்ளே போக வேண்டுமா என்று கேட்கிறார், மேடம்.”

“ஓ, நோ, நோ,” என்று அவள் கையை ஆட்டினாள். எனக்கு அவசரமில்லை, உனக்கு எவ்வளவு நல்ல மனசு என்று அக்காவின் தோளைத் தொட்டாள். பிற்பாடு சொன்னது எதுவும் அக்காவுக்கு விளங்கவில்லை. ‘நோ’ மட்டும் விளங்கியது. அவள் முகம் விழுந்துபோனது. கூடையைத் தூக்கி மாட்டிக்கொண்டு அடுத்த நிரைக்கு ஏறினாள்.

வெள்ளைக்காரி ஊருக்குப் போய் ஹோட்டலைப் பற்றி நல்லபடியாக எழுதினாள். ‘தன் களைப்பை மறந்து என் சௌகரியத்தை விசாரித்த ஒரு தொழிலாளிப் பெண்’ என்று அக்காவையும் எழுதியிருந்தாள். மேனேஜர் அதை அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். என்னைக் கூப்பிட்டு முதுகில் தட்டினார். தவணை முடியும் முன்பே நிரந்தரக் கடிதம் கைக்கு வந்தது. அதைக் காட்டியபோது அக்கா அழுதாள், சந்தோஷத்தில்.

நாலு வருஷமாகிறது. சட்டையில் என் பெயர் குத்திய பட்டை இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் ‘கெட்’ சொல்லிக்கொடுக்கிறேன். சாவி இன்னும் என் இடுப்பில்தான். அக்காவுக்கு ஒரு சிறுநீரகம் பழுது, மற்றதைக் காப்பாற்ற மாத்திரை. ஆனாலும் பெரட்டுக்குத் தவறாமல் போகிறாள்.

இன்று காலையும் மாத்திரையை விழுங்க எடுத்த தண்ணீரில் ஒரு மிடறு மட்டும் குடித்துவிட்டு மிச்சத்தை வாசலில் ஊற்றினாள். படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டே, வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்வதைச் சொன்னாள். “அவளும் ஒரு பொம்பளதானே? மனசு எவ்வளவு கல்லா இருந்தா, மொகத்துக்கு நேரா இல்லன்னு சொல்லுவா? நீ எடுத்துச் சொல்லியும் கேக்கலயே, தம்பி.”

“ஆமாக்கா,” என்றேன்.