சரோஜாவின் சீடியில் என் ஒன்பது செகண்ட்

போன வியாழக்கிழமை சரோஜா மஸ்கட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனவள்... ஏழு மாதம் ஆகிவிட்டது. பேரீச்சம்பழப் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். உட்காரக்கூட இல்லை.

"யக்கா, அந்த ஊறுகாய் சீடி உங்க வீட்ல இருக்குல்ல? போடச் சொல்லுங்க. என் குரலக் கேட்டு எம்புட்டு நாளாச்சு."

பொட்டலத்தைப் பிரிப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். நேரில் சொல்ல வாய் வராதவளுக்கு பத்திரிகையின் இந்த வாசகர் பக்கம்தானே கதி?

வில்லாபுரத்தில் நாங்கள் பதினோரு பேர் ஒரு மகளிர் குழு. மாங்காய் ஊறுகாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். சரோஜா நறுக்குவாள், மசாலா கலப்பாள், கடைக்காரர்களிடம் பேசுவாள். நான் மூலையில் துணியோடு உட்கார்ந்து, அலசிய மாங்காயை ஒவ்வொன்றாக ஈரம் போகத் துடைப்பேன். ஆறு வருடமாக அதுதான் என் வேலை. கூச்சக்காரிக்கு ஏற்ற வேலை. மாங்காய் திருப்பிப் பேசாது.

சரோஜாவுக்கு வீட்டில் சௌராஷ்டிரம். ஆனால் வெளியே வந்து அவள் தமிழ் பேசினால் பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தமிழிலேயே பிறந்து வளர்ந்தவள் — கண்டக்டரிடம் ஸ்டாப்பைச் சொல்ல வாய் வராமல், அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். பொறாமை வருமா, வராதா?

கே.கே. நகரில் ஒரு மாடியில் சின்ன கம்பெனி. கம்ப்யூட்டரில் பாடம் தயாரிக்கிறவர்கள். கிராமத்துப் பெண்களுக்கு ஊறுகாய்த் தொழிலைச் சொல்லித்தர ஒரு சீடி செய்ய எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள். வாசிக்கத் தெரியாதவர்களும் பார்ப்பார்கள் என்பதால் எழுத்தே கிடையாது. படம் நகரும், குரல் சொல்லும். குரல் யாருடையது? கேட்க வேண்டுமா! திரையின் ஓரத்தில் ஊறுகாய் ஜாடியோடு அவள் போட்டோ வேறு.

குரல் பதிவு செய்த அன்று நாங்கள் ஆறேழு பேர் போயிருந்தோம். சரோஜா கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம் நாற்காலியில். "என் அருமைத் தங்கைகளே, நல்ல மாங்காயாகப் பார்த்து எடுத்து, தண்ணீரில் அலசி, துண்டு துண்டாக நறுக்கிக்கொள்ளுங்கள்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. துடைப்பது எங்கே?

ஆறு வருடத்தில் அவள் ஒரு மாங்காயைத் துடைத்ததில்லை. அவள் கைக்கு வரும்போதே அது துடைத்துத்தான் வரும். எல்லாவற்றையும் நினைவாகச் சொன்னவள், என் வேலையை மட்டும் விட்டுவிட்டாள்.

கம்பெனியில் வேலை பார்க்கும் நஸ்ரின் என்ற பெண் எங்கள் பக்கம் திரும்பி, எல்லாம் சரியா என்று கேட்டாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூச்சம் பாதிதான். மீதிப் பாதி... இவளையும் ஒருநாள் யாராவது தப்பு என்று சொல்லட்டுமே என்ற ஆசை. அவ்வளவு கேவலமான மனசு.

சீடி வெளியான மறுவாரம் சரோஜா பிளேன் ஏறிவிட்டாள். சீடி ஊர் ஊராகப் போனது.

மாங்காய் சீசனில் ஒருநாள் கம்பெனியிலிருந்து எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள்; நானும் போனேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பாண்டியம்மா என்ற பெண் வந்திருந்தாள். மடியில் ஒரு ஜாடி. திறந்தால், மேலே வெள்ளையாகப் பூஞ்சணம். ஊறுகாய் கடையில் வாங்கித்தான் பழக்கமாம், போட்டதில்லையாம். குழுவில் எல்லோரையும் நம்ப வைத்து அவள்தான் தொழிலை ஆரம்பித்திருக்கிறாள். அத்தனை ஜாடியும் இப்படி. இன்னொரு தடவை கெட்டால் குழுவே கலைந்துவிடும் என்றாள்.

"சீடில சொன்னதுக்கு மேல சொந்தமா ஒண்ணும் செய்யாதீகன்னாக. செய்யல. கூறுகெட்டவ நானா, அந்த சீடியான்னு கேட்டுப்போக வந்தேன்."

"துடைக்கலை" என்றேன். என் வாய்தான் சொன்னது. சத்தமாகவே.

நஸ்ரின் என்னையே பார்த்தாள். ஜாடியைத் திறந்ததுமே காரணம் எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே செத்திருப்பேன்.

சீடியைத் திருத்த வேண்டும். ஆனால் பாடத்தைச் செய்த பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஒரிஜினல் ஃபைல்கள் இருந்த கம்ப்யூட்டரும் கெட்டுப்போய்விட்டது. கையில் இருப்பது முடிந்துபோன சீடி ஒன்றுதான். அதையே திறந்து நடுவில் ஒரு வரி சேர்க்க முடியாதா என்று கேட்டேன்.

"ஊறுகா ஆனப்புறம் மாங்காயத் தொடைக்க முடியுமாம்மா?" என்றாள் நஸ்ரின்.

ஆனாலும் அவள் விடவில்லை. இரண்டு நாள் அந்த சீடியைக் குடைந்தாள். படங்களில் கை வைக்க வழியில்லை. ஆனால் குரல் மட்டும் துண்டு துண்டாகத் தனியே கிடக்கிறதாம். அதில் ஏழாவது துண்டுதான் அலசி நறுக்கச் சொல்லும் இடம். அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம் என்று மூன்றாம் நாள் எங்களையும் பாண்டியம்மாவையும் வரச் சொன்னாள்.

"அதே பேர வைக்கணும். அதே நீளம் இருக்கணும். ஒம்பது செகண்டு. அப்பத்தான் சீடி ஏமாறும். கூடினா படம் முன்னால போயிரும். நீங்களே பேசிருங்கம்மா."

மாட்டேன் என்று எழுந்துவிட்டேன். பாண்டியம்மா அன்றும் கொண்டுவந்திருந்த ஜாடியை மூடிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

சரோஜாவின் வேகம் எனக்கு வர வேண்டும் என்று அந்த ஒன்பது செகண்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினாள் நஸ்ரின். பொறாமைப்படுகிறவளுக்கு இதைவிடத் தண்டனை உண்டா? சரோஜா மூச்சு விடும் இடத்தில் நானும் மூச்சு விட்டேன். துடைப்பதைச் சேர்க்க இடம் வேண்டும், எதையாவது வெட்டுங்கள் என்றார்கள். "என் அருமைத் தங்கைகளே"வை வெட்டினேன். அதில் ஒரு அற்ப சந்தோஷம்... மறைப்பானேன்.

முதலில் பதினாலு செகண்ட். நின்று நின்று சொன்னேன். ஊருக்கே சொல்வதாக நினைக்காதீர்கள், பாண்டியம்மாவுக்குச் சொல்லுங்கள் என்றாள் நஸ்ரின். அதன்பிறகு வந்தது: "மாங்காயைத் தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துணியால் துடைத்து, நிழலில் உலரவிட்டு, அப்புறம் நறுக்குங்கள்."

பிள்ளை பெற்ற வீட்டில் இருக்கும் சரோஜாவிடம் இதைச் சொல்லி வருத்த வேண்டாம் என்றாள் நஸ்ரின். அதற்கு முதல் ஆளாகத் தலையாட்டியதும் நான்தான்.

புது சீடி போனது. பாண்டியம்மாவின் அடுத்த ஜாடிகள் கெடவில்லை.

இப்போது வியாழக்கிழமைக்கு வருவோம். என் மருமகள் சீடியைப் போட்டாள். ஏழாவது துண்டு வந்தது. சரோஜா கையைத் தூக்கினாள்.

"இந்த எடத்தத் திரும்பப் போடு தாயி."

போட்டாள். சரோஜா கண்ணை மூடிக் கேட்டாள்.

"அன்னைக்கெல்லாம் எனக்குத் தொண்டை கட்டிருந்துச்சுக்கா. இந்த எடத்துல மட்டும் எம்புட்டுத் தெளிவா விழுந்துருக்கு பாத்தீங்களா? தொடைக்கச் சொன்னது ஞாபகமே இல்ல... ஆனா சொல்லிருக்கேன் பாருங்க."

ரெக்கார்டில் கேட்டால் அவரவர் குரல் அவரவருக்கே பிடிபடாது என்று நஸ்ரின் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அது என் குரல் என்று எப்படிச் சொல்வது? ஏன் மாற்றினீர்கள் என்பாள். துடைப்பதை விட்டுவிட்டாய் என்றால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்பாள். அந்த ஒன்பது செகண்டை நான் வாங்க வேண்டுமென்றால் அன்று உட்கார்ந்து தலையாட்டிய அந்த நாற்காலியையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

சரோஜா வாராவாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தைக் குழுவில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுகிறவள். ஊரில் இல்லாத ஏழு மாதமும் யாரும் படிக்கவில்லை. இந்த வாரம் படிப்பாள். ஆக, இதையும் நாலு பேர் அவள் குரலில்தான் கேட்கப்போகிறார்கள்.

படி சரோஜா. அந்த ஒன்பது செகண்ட் நான்தான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் இருந்ததும் நான்தான்.