மதாம் ஓதெத் போட்ட வார்த்தை

மதாம் ஓதெத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். புதுச்சேரியில் சம்பாக் கோயில் பக்கத்துச் சந்தில் ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு நாற்காலிகளும் போட்டு, பிறப்பு, கல்யாண, இறப்புச் சான்றிதழ்களைத் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது அவள் தொழில். ஐம்பத்து நான்கு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிறவர்களைத் திட்டாமல் ஒரு காகிதத்தையும் கையில் வாங்கமாட்டாள். "அப்பன் பேரு ஒரு பேப்பர்ல ஒரு மாதிரி, இன்னொண்ணுல வேற மாதிரி. எந்த அப்பனுக்கு விசா கேக்குற?" என்பாள். ஊர் அதைப் பொறுத்துக்கொண்டது. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் காகிதம் திரும்பி வந்துவிடும், அவள் எழுதியது ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

2009 பிப்ரவரியில் அவளுக்கு வந்த கோபம் வேறு ரகம். திட்டித் தீர்க்க ஆள் இல்லாத கோபம் அது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சென்னைக் கம்பெனி புதுச்சேரிக்கு வந்தது. சென்னை ஓ.எம்.ஆரில் பதினாறு மாடிக்கு ஃப்ளாட்டுகள் கட்டுகிறார்களாம். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்களிடம் காசு இருக்கிறது என்று யாரோ காதில் போட்டிருக்க வேண்டும். கம்பெனி ஏஜென்ட் சுப்பிரமணியன் விளம்பரத் தாளை ஓதெத்திடம் கொடுத்துப் பிரெஞ்சில் எழுதித் தரச் சொன்னான். பாதித் தாளை ஒரு வரைபடம் அடைத்துக்கொண்டிருந்தது. சிவப்புக் கோடு ஒன்று படியேறுவதுபோல மேலே மேலே போனது. 'மூன்று ஆண்டில் விலை இரண்டு மடங்காகும் என எதிர்பார்க்கப்படுகிறது' என்று அடியில் ஒரு வரி. நாளைக்கு மழை வருமா என்றே ஒழுங்காகச் சொல்லத் தெரியாத ஊரில் இவன்கள் மூன்று வருடம் கழித்துச் சதுர அடி என்ன விலைக்குப் போகும் என்று கோடு போட்டுக் காட்டினார்கள்.

அந்த 'எதிர்பார்க்கப்படுகிறது' என்ற இடத்தில் ஓதெத் 'பிரேவ்யூ' என்று போட்டாள். அகராதியைக் கேட்டால் அதில் தப்பே இல்லை. ஆனால் புதுச்சேரியில் அந்த வார்த்தைக்கு வேறொரு கனம் உண்டு. பென்ஷன் ஆபீஸிலிருந்து வரும் கடிதங்களில் அதுதான் இருக்கும். ஐந்தாம் தேதி பணம் 'பிரேவ்யூ' என்று இருந்தால் ஐந்தாம் தேதி பணம் வந்துவிடும். முப்பது வருடமாக அது யாரையும் ஏமாற்றியதில்லை.

குருசுக்குப்பத்து அந்துவான் முசே அப்படித்தான் படித்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்குகிறார். வருடா வருடம் தாம் உயிரோடு இருப்பதாகப் பென்ஷன் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டிய சான்றிதழை ஓதெத்திடம்தான் எழுதி வாங்குவார். சேமிப்பையெல்லாம் வழித்து ஒரு ஃப்ளாட்டுக்கு முதல் தவணை கட்டினார். மறு வருடக் கடைசியில் விலை விழுந்தது. கட்டடம் நாலாவது மாடியோடு நின்றது.

அதே கம்பெனி இப்போது மறுபடியும் வந்திருந்தது. முதல் ஃப்ளாட்டின் மீதிப் பணத்தை ஒரேயடியாகக் கட்டினால் இன்னொரு ஃப்ளாட் பாதி விலைக்கு. தாளில் அதே சிவப்புக் கோடு, இந்த முறை 2012 வரைக்கும். அந்துவான் முசேயிடம் மிச்சம் இருந்தது குடியிருந்த வீடு ஒன்றுதான். அதை வாங்க ஆளையும் கம்பெனியே பிடித்துக் கொடுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் ஹாலில் கம்பெனிக் கூட்டம் முடிந்ததும் வீட்டை விற்கும் அக்ரிமென்டில் கையெழுத்து.

அவர் மனைவி ஆனந்தமேரி வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஓதெத்தின் கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"நான் சொன்னா கேக்க மாட்றாரு. நீ எழுதினதப் பாத்துதான எறங்கினாரு. நீயே வந்து சொல்லு."

ஓதெத் அன்றைக்கே போனாள். போய் என்ன செய்தாள்? கத்தினாள். உங்க தலையில மிளகா அரைக்கிறான், நீங்களும் தலையக் குனிஞ்சு காட்டுறீங்க என்று கூச்சல் போட்டாள். அந்துவான் முசே சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ யாரத்தான் திட்டல? சாமியார்லேர்ந்து தபால்காரன் வரைக்கும் திட்டுற. வாயில வர்றது வேற ஓதெத், பேப்பர்ல எழுதுறது வேற."

வீட்டுக்கு வந்தும் கோபம் அணையவில்லை. கம்பெனிக்காரன்மேல் எரிந்தது, கிழவர்மேல் எரிந்தது. எல்லாவற்றையும் சுற்றிவிட்டுத் தன்மேலேயே வந்து நின்றது. அந்த வார்த்தை எந்த வீட்டில் எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் போட்டாள். காலையில் சுப்பிரமணியனுக்குப் போன் செய்தாள். கூட்டத்தில் பேச்சை மொழிபெயர்க்க அவளைக் கூப்பிட்டிருந்தான், முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தாள். "நாளைக்கு வரேன்" என்றாள் இப்போது.

கூட்டத்துக்குப் பம்பாயிலிருந்து வந்திருந்த பெரிய மேனேஜருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. சிவப்புக் கோட்டைத் திரையில் காட்டி இங்கிலீஷில் பொழிந்தார். ஓதெத் மைக்கைப் பிடித்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"மூணு வருஷத்துல வெல ரெண்டு மடங்கு ஆகுமாம்."

மேனேஜர் தலையாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனார்.

"பெரிய பெரிய கம்பெனிங்க வரப்போகுதாம். எல்லாரும் அங்கதான் வீடு தேடுவாங்களாம்."

முன்வரிசையில் ஒருவர் லேசாகக் கனைத்தார்.

"வெல எறங்கலயாம். மூச்சு வாங்குதாம். கட்டடமும் நின்னுபோகலயாம், நல்ல நாள் பாத்துக்கிட்டு இருக்காம்."

ஹாலில் சிரிப்பு பரவியது. தம் பேச்சுக்குத்தான் என்று நினைத்து மேனேஜரும் சிரித்தார். சுப்பிரமணியன் மட்டும் வேர்த்துக்கொண்டு மேடையருகே வந்தான். "மதாம், அந்த 'ஆம்' வேணாம். ஆகும்னு சொல்லுங்க."

"அவரு சொன்னதச் சொல்றேன். நானா போய்ப் பாத்துட்டு வந்தேன்?"

பின்னால் அக்ரிமென்ட் மேசை. பேனாவைக் கையில் பிடித்தபடி அந்துவான் முசே எழுந்து நின்றார், பட்டாளத்தில் நிற்பதுபோல விறைப்பாக. பக்கத்தில் ஆனந்தமேரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஓதெத். ஒண்ணே ஒண்ணு சொல்லு. இது பிரேவ்யூவா, இல்லியா?"

"இல்ல முசே," என்றாள். "கோடு போட்டவனுக்கே தெரியாது. அன்னைக்கும் தெரியாது."

அவர் பேனாவை மூடினார். மூடிய பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

"அப்ப அன்னைக்கு ஏன் அந்த வார்த்தையப் போட்ட?"

ஓதெத்தின் கோபம் ஆள் தேடியது. மேனேஜர் இருந்தார், சுப்பிரமணியன் இருந்தான். இருவரில் ஒருவனைக் கைகாட்டியிருந்தால் ஹாலே நம்பியிருக்கும்.

"படிக்க நல்லா இருந்துச்சு முசே. போட்டேன்."

அவர் கையெழுத்துப் போடாத காகிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். வீடு தப்பியது. ஓ.எம்.ஆரில் நாலு மாடி மட்டும் வெயிலிலும் மழையிலும் நின்றது. கம்பெனி அதன்பின் புதுச்சேரிப் பக்கம் வரவில்லை.

அந்த வருடம் அந்துவான் முசே உயிரோடு இருக்கும் சான்றிதழை ஓதெத்திடம் கொண்டு வரவில்லை. இரண்டு கடை தள்ளி, போன வருடம்தான் தொழிலுக்கு வந்த ஒருவனிடம் எழுதி வாங்கினார். அதில் அவர் பெயரிலேயே ஓர் எழுத்து விட்டுப்போய்ப் பென்ஷன் ஆபீஸ் திருப்பி அனுப்பிவிட்டதாம். திருத்தி வாங்க மறுபடியும் அவனிடமேதான் போனாராம்.