யூனிஸ் அம்மாளின் நியூயார்க் பாட்டில்

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது, மே மாசம் பதினாலு, ஞாயித்துக்கெழமை. இரவல் வாங்குன பாட்டிலுக்கு அடியில ஓட்டை போட்டாங்க. போடறதுக்கு முன்னாடி கேக்கலை. போட்ட பின்னாடியும் சொல்லலை."

யூனிஸ் அம்மாள் காலைத் தேநீரைத் தொடுவதற்கு முன் இந்தக் குற்றச்சாட்டைச் சொல்லியாக வேண்டும். குன்னூர்க் கடைத்தெருவில் ஷௌகத் அலியின் தேநீர்க் கடைக்கு வருகிறவர்கள் அனைவருக்கும் இது மனப்பாடம். சொல்லி முடித்ததும் ஒரே மூச்சில் குடிப்பார். பிறகு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடிப்பாகத்தை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். மிச்சச் சொட்டு மேசையில் விழும். ஷௌகத் அலி துணியோடு காத்திருப்பார்.

"நேத்துப் பாத்த அதே கிளாசுதானுங்க, கம்பவுண்டரம்மா."

"இல்லீங்க பாய். நேத்து கிளாசுக்கு அடியில நம்பர் இருந்துச்சு. இதுல இல்லை."

கண்ணாடியை எங்கே கண்டாலும் அவர் இப்படித்தான். மாதா கோயிலில் பூச்சாடியைக் கவிழ்த்துப் பார்த்துப் பீடத்தை நனைத்திருக்கிறார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் பாயச டம்ளரை இரவல் கேட்டிருக்கிறார். கழுத்துப் பொத்தானை மட்டும் போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டர், கித்தான் செருப்பு, கயிற்றில் தொங்கும் பூதக்கண்ணாடி, கக்கத்தில் ஒரு கோப்புக் கட்டு. கட்டைச் சுற்றியிருப்பது மருத்துவமனைப் பேண்டேஜ் துணி. தேயிலைத் தோட்டத்து மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். புண்ணைக் கட்டிய கைக்குக் காகிதத்தைக் கட்டவும் அதே முடிச்சுதான் வருகிறது. எந்தக் கடிதம் எழுதினாலும் கார்பன் வைத்து ஒரு நகல் எடுத்துக்கொள்வார். பால்காரருக்கு எழுதிய சீட்டுக்கும் நகல் உண்டு.

பாட்டில் கிடைத்தது அந்த மருத்துவமனையின் பின்புறத்தில். தண்ணீர்த் தொட்டி கட்டப் பள்ளம் வெட்டியபோது பழைய குப்பைக்குழி ஒன்று வெளிப்பட்டது. துருப்பிடித்த தகரங்களுக்கும் உடைந்த பீங்கானுக்கும் நடுவில் கடலின் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் ஒரு மருந்துப் பாட்டில் முழுசாகக் கிடந்தது. பக்கவாட்டில் புடைப்பெழுத்துகள். மருந்தின் பெயர் பாதி தேய்ந்திருந்தது. நியூயார்க் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. தோட்டத் துரைமார்களின் பொருள் என்றால் இங்கிலாந்து என்றுதான் இந்த மலையில் எல்லோரும் நினைப்பார்கள். அமெரிக்காவிலிருந்து ஒரு பாட்டில் இந்தக் குழிக்கு எப்படி வந்தது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. மிஷனரிமார் யாராவது பெட்டியில் கொண்டுவந்திருக்கலாம் என்பது அவருடைய ஊகம். ஊகம் என்று சொல்லித்தான் சொல்வார்.

பாட்டிலின் அடியில் சொரசொரப்பான ஒரு வட்டத் தழும்பு இருந்தது. உடைசல் என்று முதலில் நினைத்தார். பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய ஆங்கிலப் பத்திரிகைகளை அகராதி வைத்துப் படித்துத்தான் விவரம் புரிந்தது. வாயால் ஊதிய பாட்டிலுக்குக் கழுத்தும் வாயும் அமைக்கும் வரை அதன் அடியில் ஓர் இரும்புக் கோலை ஒட்டிப் பிடித்திருப்பார்கள். வேலை முடிந்ததும் கோலைத் தட்டிப் பிரிப்பார்கள். பிரிந்த இடத்தில் தழும்பு நிற்கும். பின்னால் வந்த பாட்டில்களுக்கு இந்தத் தழும்பு கிடையாது. பிரசவங்களுக்குக் கூட நின்று பழகிய யூனிஸ் அம்மாள் அதற்குத் தாமாகவே ஒரு பெயர் வைத்தார்: தொப்புள்.

பாட்டிலை எல்லாப் பக்கமும் வரைந்து, பழைய கண்ணாடிப் பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றுக்கு எழுதினார். எழுதியதை அவரே மறந்திருந்த ஒரு மழைக்காலத்தில் பதில் வந்தது. இதே மருந்தின் பாட்டில்கள் எங்களிடம் இருக்கின்றன, ஆனால் அடி வழவழப்பான பிற்கால வகை. தழும்புள்ளதை நாங்கள் பார்த்ததில்லை. தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள் என்று எழுதியிருந்தார்கள். யூனிஸ் அம்மாள் உடனே மறுபதில் போட்டார். பத்திரமாக வைத்திருப்பேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்த வாக்கைக் கொடுத்த பிறகு அவர் ஏன் அதை வெளியே கொடுத்தார் என்று கடைத்தெருவில் சிலர் கேட்பதுண்டு. ஊரில் ஓர் அறக்கட்டளை பழைய பங்களா ஒன்றில் காட்சியகம் திறந்தது. ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் விட்டுச்சென்ற பொருள்களில் அமெரிக்கக் கண்ணாடியும் கொஞ்சம் இருந்தது: சரிகைப் பின்னல்போல் அச்சில் அழுத்திய தட்டுகள், பழம் பதப்படுத்தும் திருகுமூடி ஜாடிகள், ஊதா நிற மைக்கூடு ஒன்று. அவற்றுக்கென்று ஒரு தனி அலமாரி. அந்த அலமாரிக்கு இந்தப் பாட்டில் இல்லாதது யூனிஸ் அம்மாளுக்கே பொறுக்கவில்லை. "எம்பட ஊட்டுல இருந்தா நான் ஒருத்திதான் பாப்பேன். அங்க நாலு பேரு குனிஞ்சு பாக்கட்டும்" என்றார். இரவல் என்று எழுதிக் கொடுத்தார். இரவல் என்று எழுதி வாங்கிக்கொண்டார். அடியைப் பார்ப்பதற்குப் பாட்டிலின் கீழே ஒரு சின்னக் கைக்கண்ணாடியையும் தம் செலவில் வைத்தார்.

தவறே செய்யாதவர் அல்லர் அவர். அதே அலமாரியில் ஒரு நீலக் கிண்ணத்தை அமெரிக்காவுடையது என்று அடித்துச் சொல்லி அட்டை எழுத வைத்தவர் அவர்தான். பிறகு அதேபோன்ற கிண்ணத்தை ஊட்டியில் ஒரு பாத்திரக் கடையில் புதிதாகப் பார்த்துவிட்டார். அன்று மாலையே காட்சியகத்துக்குப் போய், 'நான் சொன்னது பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அட்டையை மாற்றும் வரை அலமாரி அருகிலேயே நின்றார். தன் பிழையை எழுத்தில் ஒப்புக்கொண்டவருக்கு, மற்றவரிடமும் அதையே கேட்க உரிமை உண்டு.

கோடை விழாவுக்குக் காட்சியகத்தில் விருந்தினர் கூடம் ஒன்று அலங்கரித்தார்கள். வாரந்தோறும் அலமாரியைப் பார்க்க வரும் யூனிஸ் அம்மாள் அந்த வாரம் வந்தபோது கைக்கண்ணாடி மட்டும் இருந்தது. அதில் அலமாரியின் மேல்தட்டு தெரிந்தது. பாட்டில் கூடத்தில் மேசை விளக்காக இருந்தது. தலையில் குஞ்சம் வைத்த ரோஸ் நிறத் துணிக்கூடு, அதற்குள் பல்பு, அடியிலிருந்து மஞ்சள் ஒயர். அவர் அருகில் போனார். சுவிட்சை அணைத்தார். விளக்கைத் தூக்கிக் கவிழ்த்தார். தழும்பு இருந்த இடத்தில் துளை இருந்தது. கட்டைவிரலால் அதன் விளிம்பைத் தடவினார். பிறகு விளக்கை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் முதல் கடிதத்தை எழுதினார்.

துளை போட்டவர் எலக்ட்ரீசியன் பொன்ராஜ். விஷயம் காதுக்கு எட்டியதும் தாமாகவே யூனிஸ் அம்மாளின் வீட்டு வாசலில் வந்து நின்றார். செம்புக் குழாயையும் எமரி என்ற தேய்ப்புத் தூளையும் வைத்துப் பொறுமையாகக் கடைந்தாராம். ஒரு கீறல்கூட விழவில்லையாம். அந்தப் பெருமை அவர் பேச்சில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அந்த எடம்தான் ஏற்கெனவே ஒடைஞ்சு சொரசொரன்னு இருந்துச்சுங்கம்மா. நல்ல எடத்தைக் கெடுக்க வேண்டாம்னுதான் பழுதான எடமாப் பாத்துப் போட்டேன்."

யூனிஸ் அம்மாள் அவரைத் திண்ணையில் உட்காரச் சொன்னார். பிறகு உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். பொன்ராஜ்மேல் அவருக்கு இன்றுவரை புகார் கிடையாது. எது பழுது, எது தழும்பு என்று அவருக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வேண்டியவர்கள் அவர் கையில் ஒயரை மட்டும் கொடுத்தனுப்பினார்கள்.

கடிதங்களுக்குக் காட்சியகத்திலிருந்து பதில் வரவில்லை. ஆண்டுவிழா அழைப்பிதழ் வந்தது. பாட்டில் வழங்கிய பெருமகளுக்குப் பொன்னாடை போர்த்துவார்களாம். 'வழங்கிய' என்ற சொல்லின்மேல் சிவப்பு மையால் கோடு போட்டு, 'இரவல்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அதே வாரம் அமெரிக்காவிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பழைய மருந்துப் பாட்டில்கள் பற்றி ஒரு சிறு நூல் போடுகிறோம், உங்கள் பாட்டிலின் அடியைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

அதைப் படித்த அன்றைக்கு அவர் ஷௌகத் அலியின் கடைக்கு வரவில்லை. மறுநாள் வந்தார். குற்றச்சாட்டைச் சொல்லவில்லை, டம்ளரைக் கவிழ்க்கவுமில்லை. ஷௌகத் அலி பயந்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, ஒடம்புக்கு முடியலீங்களா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க பாய். பத்திரமா வெச்சிருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டனே. இப்ப அவங்களுக்கு என்னன்னு எழுதறது?"

காட்சியகச் செயலாளர் குமாரசாமி கெட்டவர் அல்லர். விடுதி நடத்துகிறவர், வந்தவர் முகம் கோணக் கூடாது என்பது அவர் கொள்கை. யூனிஸ் அம்மாள் கோப்புக் கட்டோடு அலுவலகத்துக்குள் வந்ததும் எழுந்து நாற்காலி போட்டார். விளக்கையே வரவழைத்து மேசைமேல் வைத்தார். பொன்ராஜைக் கூப்பிட்டுத் துணிக்கூட்டையும் ஒயரையும் கழற்றச் சொன்னார். அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம், காட்சியகத்துக்கு வருத்தமில்லை என்றார். வேண்டுமானால் புது பெல்ஜியம் கண்ணாடிப் பூச்சாடி ஒன்றும் தருவதாகச் சொன்னார்.

வருத்தம் யாருக்கு என்று யூனிஸ் அம்மாள் கேட்டார். யார் சொல்லி, எதற்காகத் துளை போட்டார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். அதை மொழிபெயர்த்து அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவேன் என்றார்.

குமாரசாமி சிரித்தார். சமாதானமாகத்தான் சிரித்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்கம்மா. அலமாரியில இருந்தப்ப அதை யாரு பாத்தாங்க? நீங்க வைச்ச கண்ணாடியில பொம்பளைங்க பொட்டைச் சரி பண்ணிட்டுப் போனாங்க. வெளக்கு ஆனதுக்கப்பறம்தான் வர்றவங்க எல்லாம் நின்னு பாக்கறாங்க. ஓட்டை அடியிலதானுங்களே? யாரு கண்ணுக்குத் தெரியுது? பாட்டில் பாட்டிலாத்தான் இருக்குது."

அலமாரி முன் யாரும் குனியவில்லை என்பது யூனிஸ் அம்மாளுக்கும் தெரியும். வாரந்தோறும் பார்த்தவர் ஆயிற்றே. பொன்ராஜ் கழற்றிய ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தண்ணி வேணுங்க சார்" என்றார் யூனிஸ் அம்மாள்.

பதைத்துப்போய்த் தம் சொம்பையே நகர்த்தினார் செயலாளர். யூனிஸ் அம்மாள் குடிக்கவில்லை. இடது கையால் பாட்டிலின் கழுத்தைப் பிடித்து மேசைக்கு மேல் உயர்த்தினார். வலது கையால் சொம்பைச் சாய்த்தார். கம்பவுண்டரின் கை, பாட்டிலின் வாய்க்கு வெளியே ஒரு துளி சிந்தவில்லை. மேலே ஊற்றிய தண்ணீர் அத்தனையும் கீழே ஒரே இழையாக இறங்கி, ஆண்டுவிழா அழைப்பிதழ் அடுக்கின்மேல் விழுந்தது. குமாரசாமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சொம்பு காலியாகும் வரை அம்மாளின் கை அசையவில்லை.

"பாட்டில் பாட்டிலாத்தான் இருக்குதுன்னு சொன்னீங்களே சார், அதையே எழுதிக் குடுங்க. வாய்ச் சொல்லு வேண்டாம். எழுத்துல பதில் வேணும். வாங்காம நான் எந்திரிக்க மாட்டேனுங்க."

பிறகு பாட்டிலை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். சேலைத் தலைப்பால் மேசையில் ஒரு தாள் அகலத்துக்கு ஈரத்தைத் துடைத்தார். கட்டின் முடிச்சை அவிழ்த்து, இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்து, நடுவில் கார்பனைச் செருகி, ஓரங்களைத் தட்டிச் சமமாக்கி, பேனாவின் மூடியைக் கழற்றிக் குமாரசாமி பக்கம் திருப்பி வைத்தார்.