அந்த இரண்டு எங்கிருந்து வந்தது

வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக்கடை மாடியில்தான் எங்கள் டியூஷன். பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடம், பதினோரு பேர். சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் ராகத்தில் 'எப்சிலான் பூச்சியத்தைவிடப் பெரிது என்க' என்று ஆரம்பிப்போம். அந்த எப்சிலானுக்கு ஒரு டெல்டா எதற்கு என்று யாருக்கும் தெரியாது. தெரியவில்லையே என்ற வெட்கமும் கிடையாது. "புரிஞ்சு எழுதுதவனுக்குத் தனியா மார்க்கு போடுதானா?" என்பார் மாஸ்டர். நாங்களும் ஏதோ பெரிய ஞானம் கிடைத்தமாதிரி தலையாட்டுவோம்.

ஈவின் எல்லை பற்றிய தேற்றம் ஒன்று உண்டு. ஒரு பின்னத்தில் மேலே ஒரு சார்பு, கீழே g(x). கீழே உள்ளது பூச்சியமல்லாத M என்ற எல்லையை நெருங்கினால், ஈவின் எல்லையும் எல்லைகளின் ஈவும் ஒன்றே என்று நிரூபிக்க வேண்டும். மாஸ்டரின் ஜெராக்ஸ் நோட்ஸில் அது ஒன்றரைப் பக்கம். முதல் பக்கத்தின் கடைசி வரியை மெஷின் வெட்டிவிட்டது. பக்கம் முடியும்போது கீழே g(x) நிற்கும். அடுத்த பக்கத்தில் அதைக் காணோம். அதன் இடத்தில் M, மேலே எங்கிருந்தோ வந்து உட்கார்ந்த ஒரு 2.

நான் கேட்டேன். "சார், இந்த ரெண்டு எங்கேருந்து வருது?"

"எங்கேருந்து வந்தா ஒனக்கு என்னலே? கடைசில எப்சிலான் சரியா வந்து நிக்குதுல்லா?"

"பாளையங்கோட்டை பஸ்ல வந்திருக்கும் சார்" என்றான் பின்னால் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும்தான்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை ஆடு கட்டுகிற ஆளும் நான்தான். வாழைத்தோட்டத்தை ஒட்டி முளைக்குச்சி அடித்தால், குச்சிக்கும் முதல் வாழைக்கன்றுக்கும் உள்ள தூரத்தில் பாதிதான் கயிறு விடுவோம். ஆடு எப்படி இழுத்தாலும் கன்றுக்கு முன்னால் மீதிப் பாதி இருக்கும். முளையை அடித்துக்கொண்டிருக்கும்போதே விளங்கிவிட்டது. M முளை, பூச்சியம் கன்று, g(x) ஆடு. டெல்டாவைப் போதுமான அளவு சிறிதாக எடுத்தால் g(x) தன் எல்லையை விட்டு M-இன் அளவில் பாதிகூட விலகாது. அப்படியானால் பூச்சியத்திலிருந்து இன்னொரு பாதியாவது தள்ளி நிற்கும். கீழே g(x)-க்குப் பதில் அந்தப் பாதியைப் போடலாம், பின்னம் பெரிதாகுமே தவிரக் குறையாது. பாதியால் வகுத்தால் மேலே இரண்டு வரும். அவ்வளவுதான் அந்த ரகசியம்.

பரீட்சையில் அதே கேள்வி, பத்து மார்க். அந்த இடம் வந்ததும் பேனா நின்றது. நோட்ஸில் இல்லாத வரி. ஜெராக்ஸ் போட்ட தாளுக்கே தெரியாதது ஆடு கட்டுகிறவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? நோட்ஸில் உள்ளபடியே தாண்டினேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை, சுகமாக இருந்தது.

பதினோரு தாளிலும் ஒரே தாவல். காப்பி அடித்திருக்கிறோம் என்று ரிசல்ட்டை நிறுத்திவைத்தார்கள். காப்பிதான் என்று முடிவானால் தாள் ரத்து, இன்னும் ஒரு வருடம். அப்பா கோபப்படவில்லை. "போச்சுன்னா பைய வயலுக்கு வந்திருலே, ஆளு பத்தல" என்றார். அந்தச் சாந்தம்தான் பயமாக இருந்தது.

துறைத்தலைவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கரும்பலகையில் எழுதச் சொன்னார். நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்த ரெண்டு எங்கேருந்து வந்தது?"

"அது மாறிலி சார்" என்றான் ஒருத்தன். "ரெண்டு பக்கமும் ரெண்டால பெருக்கிட்டோம் சார்" என்றான் அடுத்தவன். மூன்றாமவன்தான் நேர்மையானவன். "அது எப்பவும் வரும் சார்" என்றான்.

என் முறை வந்தது. விட்டுப்போன வரியை எழுதினேன், விளக்கினேன். ஆட்டைப் பற்றி வாய்திறக்கவில்லை.

"இது பரீட்சை அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும் சார்."

"பின்ன ஏன் எழுதல?"

"நோட்ஸ்ல இல்ல சார்." பையிலிருந்த ஜெராக்ஸை எடுத்து நீட்டினேன்.

அவர் அந்த வெட்டுப்பட்ட ஓரத்தைப் பார்த்தார், பிறகு என்னை. "அவனுவ தெரியாததை விட்டானுவ. நீரு தெரிஞ்சதை விட்டிருக்கீரு வே. காப்பி அடிச்சவன்கூட ஒமக்கு மேல."

காப்பி இல்லை என்று எழுதிக்கொடுத்தார். அந்தக் கேள்விக்குப் பதினோரு பேருக்கும் பூச்சியம், எனக்கும் சேர்த்து. முதல் வகுப்பு போயிற்று. தேர்ச்சி வந்ததால் வயலுக்குப் போகவில்லை.

சேதி தெரிந்து மாஸ்டர் கூப்பிட்டார். "ஏலே, அந்த வரியை இங்கன எழுதிட்டுப் போ" என்று நோட்ஸின் வெட்டுப்பட்ட பக்கத்தை நீட்டினார். எழுதிக்கொடுத்தேன், நல்ல கையெழுத்தில்.

அடுத்த வருடம் தச்சநல்லூர் பஸ்ஸில் ஒரு பையன் அதே ஜெராக்ஸை வைத்துக்கொண்டு என் வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"ஏன் பாதி? மூணுல ஒரு பங்கு கயிறு விட்டா ஆகாதா?" என்று கேட்டேன்.

கயிறு என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு தாளைத் திருப்பி என் கையெழுத்தையே எனக்குக் காட்டினான்.

"அண்ணே, நோட்ஸ்ல பாதின்னுதான் இருக்கு."